அனிமேக் கதைகளையும் வீடியோ விளையாட்டுக்களையும் மதிப்பிடுமாறு

ஓய்ந்திருக்கும் வேளையில் ஒருவன் எதனை நாடுகின்றான் என்பதைக் கொண்டு அவன் உள்ளத்தை ஓரளவு அறிந்துகொள்ளலாம். நம் முன்னோர் கூத்தையும் கதாப்பிரசங்கத்தையும் நாடினர். அவர்க்குப் பின்வந்தோர் நாவலையும் திரைப்படத்தையும் நாடினர். இன்றைய மாணவரோ யப்பானிய அனிமேத் தொடர்களையும் வீடியோ விளையாட்டுக்களையும் நாடுகின்றனர். இவற்றைப் பற்றி நம்மிடையே இருவேறு கருத்துக்கள் நிலவுகின்றன. பெற்றோரும் ஆசிரியருமாகிய மூத்தோர், இவை சிறுபிள்ளை விளையாட்டு, கண்ணையும் காலத்தையும் கெடுப்பன என்று ஒதுக்குகின்றனர். இளைஞரோ கிடைத்தன யாவற்றையும் வேறுபாடின்றி விழுங்குகின்றனர். ஒதுக்குவோரும் விழுங்குவோரும் ஒரு குறையில் ஒத்திருக்கின்றனர். இருசாராரும் தரம் பிரித்துப் பார்ப்பதில்லை.

யாம் இத்துறையில் ஆராய்ச்சியாளரல்லேம், சுவைஞரேயாவோம். கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாண்டு கழிந்த பின்னரும், இராவுணவின் பின் ஒரு பகுதியேனும் பார்த்துவிட்டே உறங்கச் செல்லும் வழக்கம் எமக்குண்டு. விருப்பமுடையோன் நடுநிலை பிழைப்பான் என்பர். உண்மையே. ஆயின் விருப்பமில்லாதவன் இறுதிவரை பார்ப்பதில்லை. இறுதிவரை பாராதவன் கூறுந் தீர்ப்புச் செல்லாது. ஆதலின் எம் விருப்பத்தை மறையாது, அதே வேளையில் அதனைக் கட்டுப்படுத்தும் அளவுகோல்களை வகுத்துக்கொண்டு, சில படைப்புக்களை ஈண்டு ஆராய்வாம்.

பொழுதுபோக்கிற்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் வினவலாம். கணக்கொன்றைக் காட்டுவோம். அறுபத்து நான்கு பகுதிகள் கொண்ட ஒரு தொடரைப் பார்க்க, பகுதிக்கு 24 நிமிடமாக, ஏறத்தாழ 26 மணி நேரம் செல்லும். 1999 ஆம் ஆண்டு தொடங்கிய ‘வன் பீஸ்’ என்னுந் தொடர் 2021 ஆம் ஆண்டில் தன் ஆயிரமாவது பகுதியை எட்டியது. அவ்வாயிரத்தையும் பார்ப்போன் நானூறு மணி நேரத்தைச் செலவிடுகின்றான். பணத்தைச் செலவிடுமுன் பொருளைப் புரட்டிப் பார்க்கும் நாம், மீளப் பெறமுடியாத காலத்தைச் செலவிடுமுன் பாராதிருத்தல் அறிவுடைமையாகாது.

முதலாவது அளவுகோல், படைப்பாளன் தன் வறுமையை எவ்வாறு ஆண்டான் என்பது. ‘அனிமே’ என்பது அனிமேஷன் என்னும் ஆங்கிலச் சொல்லை யப்பானியர் குறுக்கி வழங்கும் பெயர். இக்கலை தொலைக்காட்சியில் வேரூன்றிய வரலாறு 1963 ஆம் ஆண்டின் முதல் நாளிலே தொடங்குகின்றது. அன்றுதான் தெசூக்கா ஒசாமு என்பார் ஆக்கிய ‘தெற்சுவான் அற்றம்’ என்னுந் தொடர், வாரந்தோறும் அரைமணி நேரக் காட்சியாக ஒளிபரப்பாகத் தொடங்கிற்று. ஆங்கிலத்தில் ‘அஸ்ட்ரோ போய்’ எனப் பெயர்பெற்ற அத்தொடர் 1966 ஆம் ஆண்டின் இறுதிவரை 193 பகுதிகளாக நடந்தது. திரைப்படச் சுருளில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடும். செல்வமிக்க அமெரிக்க நிலையங்கள் பெரும்பாலும் வினாடிக்குப் பன்னிரண்டு சித்திரங்களேனும் வரைந்தன. தெசூக்காவின் நிலையத்துக்கோ பணமும் இல்லை, காலமும் இல்லை. எனவே ஒரே சித்திரத்தை மூன்று படங்களுக்கு நிறுத்தினர். முகம் அசையாதிருக்க வாயை மட்டும் அசைத்தனர். ஒருமுறை வரைந்த சித்திரத்தைச் சேமித்து மறுமுறையும் பயன்படுத்தினர். அசைவிலே இழந்ததைக் காட்சிக் கோணத்தாலும் கதையின் விறுவிறுப்பாலும் ஈடுசெய்தனர். இன்றும் அனிமேயில் அசையாத முகம் ஒன்று நெடுநேரம் திரையிலே நிற்க, அதன் உள்ளத்தை நாம் உணரக் காண்கின்றோம். பஞ்சத்திற் பிறந்த உத்தி பின்னர் அழகாகிய விதம் அது.

வீடியோ விளையாட்டிலும் இதனைக் காணலாம். மியாமொத்தோ சிகெரு முதலானோர் ஆக்கி, நிண்டெண்டோ நிறுவனம் 1985 ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சூப்பர் மாரியோ புரோஸ்’ முழுவதும் 40 கிலோபைற்று நினைவகத்துள் அடங்கியது. இடத்தைச் சேமித்தற்பொருட்டு, வானத்து முகிலும் தரையின் பற்றையும் ஒரே வடிவமாக, நிறம் மாத்திரம் மாற்றி வரையப்பட்டன. அதனினுஞ் சிறந்தது முதற்களத்தின் அமைப்பு. திரையின் இடப்பக்கத்தே சிறு மனிதன் நிற்கின்றான். வலப்பக்கம் வெறுமையாகக் கிடக்கின்றது. எப்பக்கம் செல்லல் வேண்டும் என்பதை ஒருவரும் சொல்லாமலே ஆடுவோன் அறிகின்றான். சில அடி சென்றதும் காளான் வடிவப் பகையொன்று எதிர்வருகின்றது. மோதின் உயிர் போகும். தொடக்கத்திலேயே போதலால் இழப்புப் பெரிதன்று. மறுமுறை துள்ளுகின்றான். மேலேயுள்ள வினாக்குறிப் பெட்டியிலே தலை முட்டக் காசு வெளிப்படுகின்றது. அடுத்த பெட்டியிலிருந்து வெளிப்படும் நற்காளானோ வலப்பக்கம் ஓடி, அங்கு நிற்கும் குழாயில் மோதி, அவனை நோக்கியே திரும்பி வருகின்றது. அது பட்டதும் அவன் பெரிய உருவம் பெறுகின்றான். ஒரு சொல்லேனும் இன்றி அஞ்சத்தக்கது எது, நாடத்தக்கது எது என்னும் பாடம் ஒரு நிமிடத்துள் முடிகின்றது. ஆசிரியத் தொழில் புரிவோர் ஒருமுறை இதனை ஆடிப்பார்ப்பின் வியப்புறுவர் என்பது எம் துணிபு.

இரண்டாவது அளவுகோல், கதை தான் வகுத்த விதிக்குத் தானே கட்டுப்படுகின்றதா என்பது. மாயமும் மந்திரமும் நிறைந்த கதையிலே எதுவும் நிகழலாம். எதுவும் நிகழுமாயின் எதற்கும் மதிப்பில்லை. அரகாவா ஹிரோமு என்னும் பெண்மணி 2001 முதல் 2010 வரை வரைந்த ‘புல்மெற்றல் அல்கெமிஸ்ற்’ என்னும் சித்திரக்கதை இவ்விடரை வென்ற ஒன்று. ஒன்றைப் பெறவேண்டின் அதற்கு ஈடான ஒன்றை இழக்கவேண்டும் என்பது அதன் விதி. இறந்த தாயை உயிர்ப்பிக்க முயன்ற இரு சிறுவருள் மூத்தவன் காலொன்றை இழக்கின்றான். இளையவன் உடல் முழுவதையும் இழக்கின்றான். தம்பியின் உயிரை இரும்புக் கவசமொன்றில் நிறுத்துதற்குத் தமையன் கையொன்றையும் ஈந்துவிடுகின்றான். அவர்கள் இழந்தவற்றை மீட்கப் புறப்படுவதே கதை. அரகாவா ஹொக்கைடோத் தீவிலே பாற்பண்ணைக் குடும்பமொன்றில் வளர்ந்தவர். உழைப்பின்றி யாதும் கிடையாது என்னும் பண்ணை வாழ்வின் உண்மை இக்கதையினுள் ஒலிப்பதாக எமக்குத் தோன்றுகின்றது.

இக்கதை இருமுறை தொடராயிற்று. 2003 ஆம் ஆண்டு தொடங்கிய முதலாவது 51 பகுதிகள் கொண்டது. மூலக்கதை அக்காலத்தில் முடிவுறாமையால், பாதிவழியிலே பிரிந்து தனக்கென ஒரு முடிவைத் தேடிக்கொண்டது. 2009 ஆம் ஆண்டு தொடங்கிய இரண்டாவது 64 பகுதிகளில் மூலத்தைத் தழுவிச் செல்கின்றது. சுவைஞரிடையே எது சிறந்தது என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. எம் தீர்ப்பு வருமாறு: சிறுவரின் துயரை ஆறுதலாகக் காட்டி நம் நெஞ்சிற் பதியச் செய்வதில் முன்னது சிறந்தது, பின்னது அம்முற்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றது. ஆயின் தொடக்கத்தில் வகுத்த விதியை இறுதிவரை வழுவாது காத்து, சிதறிய இழைகள் யாவற்றையும் ஒன்றாக முடிவதில் பின்னதே மேம்பட்டது. ஒன்றையே பார்க்க நேரமுடையோர் பின்னதைப் பார்க்க. முடிவை யாம் ஈண்டு உரையோம். பிறர் இன்பத்தைக் கெடுத்தல் மதிப்புரையாளனுக்கு அழகன்று.

மூன்றாவது அளவுகோல், மெய்ப்பாடு. நகை முதலாக உவகை ஈறாகத் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். மலிவான படைப்பு இவற்றைப் பார்ப்போன்மேல் திணிக்கும். நல்ல படைப்பு அவை தாமே எழுமாறு செய்யும். 1988 ஆம் ஆண்டு ஏப்பிரல் 16 ஆம் நாள் ஜிப்ளி என்னும் நிலையத்தின் இரு படங்கள் ஒரே காட்சியிற் காட்டத்தக்கனவாக வெளியாயின. ஒன்று மியாசாக்கி ஹயாவோவின் ‘தொத்தோரோ’. மற்றையது தக்காஹத்தா இசாவோவின் ‘மின்மினிகளின் கல்லறை’. முன்னது காட்டோரச் சிற்றூரில் இரு சிறுமியர் காணும் அற்புதம். பகைவர் ஒருவரும் இல்லாத கதை. பின்னது 1945 ஆம் ஆண்டிலே கோபே நகரம் குண்டுவீச்சில் எரிந்தபின் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியால் மெலிந்து அழியும் கதை. தங்கையைப் பறிகொடுத்த நொசாக்கா அக்கியூக்கி 1967 ஆம் ஆண்டில் எழுதிய சிறுகதையே அதற்கு மூலம். தக்காஹத்தாவும் சிறுவனாயிருந்தபோது ஒக்கயாமா நகரில் குண்டுவீச்சுக்குத் தப்பியவர்.

அப்படத்திலே எம்மை வருத்தியது பிணங்களின் காட்சியன்று; ஒரு மிட்டாய்ப் பேணி. இனிப்பு முடிந்தபின் அதனுள் நீர் ஊற்றிக் கலக்கி அண்ணன் தங்கைக்குக் கொடுக்கின்றான். அவள் அதனை மகிழ்ந்து பருகுகின்றாள். இன்னொரு சிறப்பையும் கூறல் வேண்டும். அவ்வண்ணன் குற்றமற்றவனல்லன். அடைக்கலம் தந்த உறவினளின் சுடுசொல்லைப் பொறாது, மானத்தால் உந்தப்பட்டு வெளியேறியவன் அவன். அம்மானமும் தங்கையின் அழிவுக்கு ஒரு காரணமாகின்றது. கொடியோரையும் நல்லோரையும் எளிதிற் பிரித்துக் காட்டாமையே இப்படத்தின் நேர்மை. போரும் இடப்பெயர்வும் கண்ட நம் மக்களுள், பிறர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கியிருந்த நாட்களை நினைவில் வைத்திருப்போர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. இதனைச் சிறுவரோடிருந்து பார்ப்போர், பின்னர் அவர்களோடு பேசுதற்கும் சிறிது நேரம் ஒதுக்குவாராக.

நான்காவது அளவுகோல் விளையாட்டுக்கே உரியது. கதையிலே பிறன் செய்யும் வினையை நாம் பார்க்கின்றோம். விளையாட்டிலே வினை நம் கையால் நிகழ்கின்றது. இவ்வேறுபாட்டை அறிந்து ஆக்கப்பட்டதே சிறந்த விளையாட்டு. உவேதா பூமித்தோ தலைமையில் ஆக்கப்பட்டு 2005 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஷடோ ஒப் த கொலோசஸ்’ இதற்குத் தக்க சான்று. உயிர்நீத்த மங்கையொருத்தியை மீட்க விரும்பும் இளைஞன் ஒருவன், ஆளற்ற நிலத்திலே பதினாறு பேருருவங்களை வீழ்த்தல் வேண்டும். அவற்றைத் தவிர அந்நிலத்தில் ஊருமில்லை, வேறு பகையுமில்லை, குதிரையொன்றே துணை. அவ்வுருவங்களுட் சில தாமாகத் தாக்குவதுமில்லை. அவற்றின் மயிரைப் பற்றி ஏறி வாளைப் பாய்ச்சுகின்றோம். ஏனைய விளையாட்டுக்களில் வெற்றி முரசு முழங்கும் இடத்தில், இங்கே துயர இசை எழுகின்றது. வீழ்ந்ததைப் பார்த்து, நாம் செய்தது முறையோ என்று நமக்குள்ளே கேள்வி பிறக்கின்றது. எனினும் அடுத்ததை நோக்கிக் குதிரையைச் செலுத்துகின்றோம். விரும்பியதைப் பெறும் ஆசை மனிதனை எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை நூல் உரைக்கும். இவ்விளையாட்டோ நம்மையே செய்யவைத்து உணர்த்துகின்றது. குதிரை சொற்கேளாமையும் காட்சிக்கோணம் இடர்தருதலும் இதன் குறைகள். 2018 ஆம் ஆண்டில் புதிதாக ஆக்கப்பட்ட வடிவம் பழையதினும் கண்ணுக்குத் தெளிவானது.

இனி, விரும்புவோன் மறைக்கக்கூடாத தீமைகளையும் கூறுவாம். மூலக்கதை முன்னேறும்வரை காலங்கடத்தச் சேர்க்கும் வெற்றுப் பகுதிகள் நெடுந்தொடர்களைக் கெடுக்கின்றன; அவற்றைத் தாண்டிச் செல்லல் பாவமன்று. அதனினுங் கொடியது ‘கச்சா’ எனப்படும் முறை. காசு போட்டுத் திருகினால் ஏதோவொரு பொம்மை விழும் யப்பானியப் பொறியின் பெயரால் வழங்கும் இது, கைத்தொலைபேசி விளையாட்டுக்களிலே பரவியிருக்கின்றது. கிடைப்பது இன்னதென்று அறியாமலே பணம் செலுத்தல் சூதின் தன்மை. பல பொருள்களைச் சேர்த்து முடித்தாற் பரிசு என்னும் ஒருவகையை யப்பானிய அரசு 2012 ஆம் ஆண்டில் சட்டத்துக்கு மாறானதெனக் கொண்டது. இதனையொத்த பரிசுப் பெட்டிகளைப் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணையம் 2018 ஆம் ஆண்டில் சூதாட்டமெனவே கணித்தது. இவ்வாறு பிடுங்கும் விளையாட்டு எத்துணை அழகுடையதாயினும், மாணவர்க்கு யாம் பரிந்துரையோம்.

ஆட்டத்தை நிறுத்தமுடியாமையும், பிற கடமைகளினும் அதனையே மேலாகக் கொள்ளுதலும், கேடு வந்தபின்னும் தொடர்தலும் பெரும்பாலும் ஓராண்டளவு நீடிக்குமாயின், அது நோயெனக் கருதப்படும். உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டில் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பட்டியலில் அதனைச் சேர்த்துள்ளது. நாள்தோறும் ஆடுவோர் எல்லாரும் நோயாளரல்லர். மேற்கூறிய மூன்றும் கூடியிருத்தலே அடையாளம். பெற்றோர் இவ்வேறுபாட்டை அறிதல் நன்று.

முடிவாக மாணவர்க்கு ஒரு சொல். ஒரு தொடரையோ விளையாட்டையோ முடித்ததும், அடுத்ததைத் தொடங்குமுன் ஒரு பக்கம் எழுதுங்கள். எது நன்று, ஏன் நன்று, எது குறை, யாருக்கு உகந்தது என்னும் நான்கையும் எழுதுங்கள். ‘பிரமாதம்’ என்னும் ஒரு சொல்லோடு அமையாதீர்கள். அவ்வொரு பக்கம் எழுத இயலாவிடின், செலவிட்ட மணித்தியாலங்கள் உங்களிடம் யாதும் விட்டுச் செல்லவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். மூத்தோர்க்கும் ஒரு சொல். கண்டிக்குமுன் ஒருநாள் பிள்ளையின் அருகிலமர்ந்து ஒரு பகுதியைப் பாருங்கள். அவன் எதனை விரும்புகின்றான் என்பதையும், ஏன் விரும்புகின்றான் என்பதையும் அவன் வாயாலேயே கேட்டறியலாம். ஒருவேளை, மறுநாள் அடுத்த பகுதி எப்போது என்று நீங்களே கேட்கவும் கூடும். எமக்கு நேர்ந்தது அதுவே.