சாரதியின் கையும் கவனமும்

அட்டனிலிருந்து டிக்கோயா வழியே வரும் வீதி நோர்வூட்டில் இரண்டாகப் பிரிந்து, பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்கும் செல்கிறது. ஒருபுறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் பள்ளம். இடையே வளைவுக்கு மேல் வளைவு. ஓரமாக நடப்போரோ, கொழுந்து நிறுத்துத் திரும்பும் பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும்.

இத்தகைய வீதியில் மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி, ஒரு வினாடியில் 10 மீற்றர் ஓடிவிடும். அழைப்பவர் யாரென்று சாரதி இரண்டு வினாடி கைத்தொலைபேசியைக் குனிந்து பார்ப்பாராயின், 20 மீற்றர் தூரம் வண்டி பார்வையின்றியே ஓடியதாகும். அதற்குள் ஒரு வளைவு தொடங்கி முடிந்துவிடவுங் கூடும்.

இலங்கையின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டினது. கைத்தொலைபேசி இந்நாட்டிற்கு வந்ததோ 1989இல். ஆதலின் வண்டி செலுத்துகையில் அதனைக் கையிலேந்திப் பேசுதல் குற்றமென்னும் விதி பின்னரே வந்தது. 1968ஆம் ஆண்டின் வியன்னா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையும் 2006இல் இவ்வாறே திருத்தப்பட்டது. பிரித்தானியா 2022இல், கையிலேந்திப் படம் எடுத்தலையும் தடைக்குள் அடக்கியது.

எனினும், சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படுவது கைதான். காதிற் செருகிய கருவியாற் பேசுபவரின் கைகள் சுக்கானைப் பற்றியிருப்பினும், சிந்தை பேச்சிலேயே இருக்கிறது. தொலைபேசும் சாரதி விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ 4 மடங்கு என்றும், கைபடாத கருவி அதனினும் பெரிதாகப் பாதுகாப்பானதன்று என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காரணம் எளிது. அருகில் அமர்ந்து பேசுபவர் வளைவைக் கண்டதும் தாமே பேச்சை நிறுத்துவார். மறுமுனையில் இருப்பவருக்கு வளைவு தெரிவதில்லை.