யாருக்காக இந்த வேலை?

காலையில் கண் விழித்ததும், “ஐயோ, இன்னிக்கும் அதே வேலைதானா!” என்று ஒருநாளாவது அலுத்துக் கொள்ளாத பெண் உண்டா? வேலைக்குப் போகிறவளுக்கு ஷிப்ட் வண்டி. வீட்டில் இருக்கிறவளுக்கு அடுப்படி. இரண்டிலும் செய்ததையே திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது. உடம்பு அசந்தால் ஒரு தூக்கத்தில் சரியாகிவிடும். மனசு அசந்து போனால்?

எங்கள் ஊர் ஆரணி. உடனே பட்டுச் சேலையை நினைத்துக் கொள்ளாதீர்கள்! அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. எங்களுடையது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் வந்த பிறகு இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் பலர் தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி பாக்கிங் பிரிவில் இருக்கிறாள்.

“சம்பளம் பரவாயில்லைக்கா. ஆனா நாள் பூரா ஸ்டிக்கர் ஒட்டறேன். அந்தப் பெட்டி எங்கே போகுது, யார் பிரிக்கிறாங்க, ஒண்ணும் தெரியாது. என் கையும் ஒரு மெஷின் மாதிரி ஆயிடுச்சு” என்றாள்.

கவனித்தீர்களா? வேலை அதிகம் என்று அவள் சொல்லவில்லை. யாருக்காகச் செய்கிறோம் என்று தெரியாததுதான் அவளுடைய குறை.

கூழ் கிண்டும் கை

ஆடி மாதத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். வீட்டில் நாலு பேருக்குத் தோசை ஊற்றவே சலித்துக் கொள்கிறவள், அன்றைக்கு அண்டா நிறையக் கூழ் கிண்டுவாள். புகை கண்ணைக் கரிக்கும், தோள் வலிக்கும். ஆனால் முகம் மட்டும் வாடாது. காரணம் என்ன? பக்தி ஒன்று. தானாக விரும்பி ஏற்ற வேலை என்பது இன்னொன்று. மூன்றாவதாக, சொம்பை ஏந்தி நிற்கும் குழந்தைகளும் பாட்டிகளும் அவள் கண்ணெதிரிலேயே குடித்துவிட்டு வாயைத் துடைத்துக் கொள்கிறார்கள். உழைப்பு போய்ச் சேரும் இடத்தை அவள் பார்க்கிறாள்!

இதைத்தான் மனநூல் ஆராய்ச்சியும் சொல்கிறது. 1998-ல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், “மனநோயைப் பற்றி மட்டும் ஆராய்ந்தால் போதாது, மனிதனுக்கு நிறைவு எதனால் வருகிறது என்றும் ஆராய வேண்டும்” என்ற கருத்தை முன்வைத்தார். நேர்மறை உளவியல் என்ற துறை அப்படித்தான் வளர்ந்தது.

ஆடம் கிராண்ட் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் செய்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. ஒரு பல்கலைக்கழகத்துக்காகப் போனில் நன்கொடை கேட்கும் வேலையில் இருந்தவர்களிடம், அந்தப் பணத்தால் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை அழைத்து வந்து சில நிமிடம் பேச வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்கள் போனில் செலவிட்ட நேரமும், திரட்டிய பணமும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகியிருந்தது! மாணவரின் கடிதத்தை மட்டும் படித்தவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. ஆளை நேரில் பார்ப்பதில் அத்தனை வலு இருக்கிறது.

மதுரையில் ஒரு டாக்டர்

அமெரிக்கா வரைக்கும் போவானேன்? நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி இல்லையா? பிரசவ டாக்டராக வேண்டும் என்பது அவருடைய ஆசை. கடுமையான முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப் போயின. ஆசையை மாற்றிக் கொண்டு கண் மருத்துவம் படித்தார். அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள் செய்தார். 1976-ல், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006-ல் காலமானார்.

அங்கே பணியாளர்களில் பெரும்பகுதி கிராமத்துப் பெண்கள்தான். பள்ளிப் படிப்பை முடித்து, இரண்டு வருடப் பயிற்சி பெற்று, பார்வை சோதிப்பது முதல் ஆபரேஷன் தியேட்டரில் உதவுவது வரை செய்கிறார்கள். அதுவும் தினம் தினம் ஒரே மாதிரி வேலைதான். ஆனால் கட்டுப் பிரித்ததும் ஒரு பாட்டி தன் பேரன் முகத்தைப் பார்ப்பதை அவர்கள் நேரில் பார்க்க முடிகிறது.

நாற்காலியும் வேண்டும்

அதற்காக, “மனசு இருந்தால் போதும், சம்பளம் எதற்கு?” என்று யாராவது சொன்னால் நம்பி விடாதீர்கள். நாள் முழுவதும் நின்று கால் வீங்கியவளுக்கு முதலில் தேவை நாற்காலி, அப்புறம்தான் உபதேசம். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டமே கொண்டு வந்தது. நியாயமான கூலி, ஓய்வு, பத்திரமாக வீடு திரும்ப வண்டி, இதெல்லாம் அஸ்திவாரம். மன நிறைவு அதன்மேல் கட்டும் வீடு.

இல்லத்தரசிக்கும் இதே கணக்குதான். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதற்குச் செலவிடுவது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அன்பு என்று பெயர் சூட்டிப் பாரம் முழுவதையும் ஒருத்தி தலையில் வைக்கலாமா?

நாம் செய்யக் கூடியவை

1. உங்கள் வேலை யாரிடம் போய்ச் சேருகிறது என்று விசாரியுங்கள். எங்கள் தெருப் பெண்ணிடமும், “சூப்பர்வைசரைக் கேட்டுப் பாரேன்” என்றுதான் சொன்னேன். கேட்பதில் தப்பே இல்லை.

2. மற்றவர் உழைப்பு உங்களிடம் வந்து சேர்ந்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். “நீ துவைச்சுக் கொடுத்த சட்டையிலதான் பிள்ளை பரிசு வாங்கினான்” என்று வேலைக்கு வரும் அம்மாவிடம் சொன்னால் குறைந்தா போய்விடுவோம்? வீட்டில் ஆண்களும் குழந்தைகளும் சொல்லப் பழகட்டும். சொல்வதோடு நிற்காமல், தட்டையும் கழுவி வைக்கட்டும்!

3. இரவில் படுக்கும் முன், அன்று நடந்த நல்ல விஷயங்கள் மூன்றையும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு வாரம் இப்படி எழுதியவர்களின் மனச்சோர்வு குறைந்ததாக 2005-ல் செலிக்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது.

ஒரு எச்சரிக்கை: இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் அது சாதாரண அலுப்பு அல்ல. டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பிள்ளை பெற்றுச் சில மாதங்களே ஆன தாய்மார்கள் இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

சகோதரிகளே, இன்று இரவு சாப்பாடு பரிமாறும்போது அடுக்களைக்கும் கூடத்துக்குமாக ஓடாதீர்கள். நீங்களும் தட்டைப் போட்டுக் கொண்டு அவர்களோடு உட்காருங்கள். நீங்கள் சமைத்ததை அவர்கள் ருசித்துச் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தானே!