கடற்கரைக் காற்றும் வீட்டு ஃபேனும்: மீமிசல்காரர்கள் கவனிக்க வேண்டியவை

மீமிசல் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் ஜன்னல் கம்பிக்கும் கேட்டுக்கும் பெயிண்ட் அடிப்பதில் கஞ்சம் பிடிப்பதில்லை. பாக் நீரிணையிலிருந்து வரும் உப்புக் காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று அவர்களுக்குத் தெரியும். சைக்கிள் ரிம், கடை ஷட்டர், பைக் சைலன்சர் என்று எல்லாவற்றிலும் துருவைப் பார்த்துப் பழகிய கண்கள். அதே காற்று வீட்டுக்குள்ளும் வருகிறது, நாம் மல்லாந்து படுக்கும் இடத்துக்கு நேர் மேலே ஃபேனைத் தாங்கும் கொக்கியிலும் படிகிறது என்பதுதான் நினைவில் நிற்பதில்லை. பொங்கலோ பெருநாளோ வந்தால் ஒட்டடை அடித்து றெக்கையைத் துடைக்கிறோம். ஆபத்து இருப்பதோ கண்ணில் படாத இடங்களில்: கப்புக்குள் இருக்கும் கொக்கி, ராடைப் பிடித்திருக்கும் பின், கண்டன்சரை ஒட்டிய வயர், டேபிள் ஃபேனின் பிளக். கடையில் கேட்டு வாங்காமல் விட்ட பில்லையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

முதலில் சுத்தம் செய்வதைப் பார்ப்போம். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதனால் கடலோர வீட்டு றெக்கையில் படிவது தட்டினால் உதிரும் தூசு அல்ல, விரலில் பிசுக்கென்று ஒட்டும் கறுப்பு அழுக்கு. சமையல்கட்டை ஒட்டிய அறையென்றால் எண்ணெய்ப் புகையும் சேர்ந்துகொள்ளும். பழைய தலையணை உறை ஒன்றை றெக்கை முழுக்க மாட்டி, இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்து உருவினால் மேல்தூசு உறைக்குள்ளேயே விழும், கட்டிலில் கொட்டாது. பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி, அடுத்து நல்ல தண்ணீரில் பிழிந்த துணி, கடைசியில் காய்ந்த துணி. இரண்டாவது துணியைச் சோம்பலில் விட்டுவிடாதீர்கள், மிச்ச உப்பைக் கரைத்து எடுப்பது அதுதான். ஒரு கையால் றெக்கையை அடியில் தாங்கிக்கொண்டு துடைக்க வேண்டும். அழுத்திய அழுத்தில் ஒரு றெக்கை லேசாக வளைந்தாலும் ஃபேன் ஆடத் தொடங்கும். ஆட ஆட மேலே போல்ட்டும் தளரும். மோட்டார் மேல் தண்ணீரோ ஸ்பிரேயோ படவே கூடாது. அதன் காற்றுத் துளைகளுக்கு ஒரு பெயிண்ட் பிரஷ் போதும். கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால், கடலை ஒட்டிய தெருக்களில் மாதம் ஒருமுறையாவது துடைப்பது நல்லது.

ஏணியில் ஏறுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கிறோம். பேஸ் வயரில் இருக்க வேண்டிய சுவிட்ச், கவனக்குறைவாக வயரிங் செய்த வீடுகளில் நியூட்ரலில் இணைக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் சுவிட்சை அணைத்தால் ஃபேன் நிற்கும், கரண்ட் மட்டும் காயில் வரை வந்து நிற்கும். சரி, மெயினையே இறக்கிவிட்டோம் என்றால் அடுத்து இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயின் இறங்கியதும் இ.பி. கரண்ட் போய்விட்டது என்று அது எடுத்துக்கொண்டு, அதே ஃபேன் லைனுக்குத் தன் பங்குக்கு 230 வோல்ட்டை அனுப்பும். ஆகவே மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்த பிறகுதான் ஏணி. பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஸ்டூலைப் போட்டு ஏறுகிறவர்களிடம் கரண்ட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் இடுப்பெலும்பைப் பற்றிப் பேச வேண்டும்.

இனி கொக்கி. ராடின் மேல்நுனியில் கவிழ்ந்திருக்கும் கப்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தி அதைக் கீழே இறக்குங்கள். காங்கிரீட்டிலிருந்து வரும் கொக்கி, அதில் மாட்டிய ரப்பர் உருளை, உருளைக்குள் நுழைந்து ராடைப் பிடிக்கும் போல்ட், நட்டு, நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே போகும் சிறிய பின் எல்லாம் தெரியும். ஃபேனின் முழு எடையும் நாள் முழுக்க அதிர்ந்துகொண்டே இந்த இடத்தில்தான் தொங்குகிறது. பின்னின் இரண்டு கால்களும் விரிந்து மடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். விரலால் தொட்டதும் பொடிகிற பின்னை அன்றே மாற்ற வேண்டும். பின் தொலைந்தால் அந்த இடத்தில் ஆணியையோ கட்டுக்கம்பியையோ செருகிவிடும் வழக்கம் இருக்கிறது. அதைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல முடியாது, தள்ளிப்போட்ட விபத்து என்றுதான் சொல்ல வேண்டும். ரப்பர் வெடித்திருந்தால் அதுவும் மாற வேண்டும். கொக்கியைச் சுற்றிக் காங்கிரீட்டில் விரிசலோ பொருக்கோ இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இரும்பு துருவாகும்போது பல மடங்கு உப்பும். உப்பிய துரு காங்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். மேல்துருவைச் சுரண்டிய பிறகும் கம்பி பருமன் குறையாமல் இருந்தால் ரெட் ஆக்சைடு அடித்து வைக்கலாம். கம்பி மெலிந்திருந்தால் பெயிண்ட் உதவாது; ஃபேனை இறக்கிவிட்டு வேறு பிடிமானம் போட வேண்டும். ராடும் மோட்டாரும் சேரும் கீழ்முனையிலும் இதே போல்ட், இதே பின் உண்டு. மேலே பார்த்துவிட்டுக் கீழே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

48 அங்குல ஃபேன் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 சுற்று சுற்றும். அப்போது றெக்கையின் நுனி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தை நெருங்குகிறது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் பஸ்ஸைப் போல. றெக்கை தரையிலிருந்து எட்டு அடிக்குக் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் அதுதான். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டுக்கு நேராக ஃபேன் வேண்டாம். ஊரிலிருந்து வந்த மாமா குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் ஃபேன் ஓடும் அறையில் வேண்டாம்.

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, கையால் தள்ளிவிட்டால்தான் கிளம்புகிறது என்றால் பெரும்பாலும் கண்டன்சர் தளர்ந்துவிட்டது. மலிவான சாமான், சில நிமிட வேலை. ஆனால் அதே அளவுதான் போட வேண்டும். பழையதன் மேல் 2.5 என்று அச்சிட்டிருந்தால் புதியதும் 2.5. “ஸ்பீடா ஓடணும்னா மூணு பதினஞ்சு போட்டுடட்டுமாக்கா?” என்று கேட்டால் வேண்டாம் தம்பி என்று சொல்லிவிடுங்கள். வேகம் கொஞ்சம் கூடும், காயிலும் சேர்ந்து சூடாகும். சுவிட்ச் போட்டதும் சுற்றாமல் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டே நிற்கும் ஃபேனை உடனே அணைக்க வேண்டும். அப்படியே விட்டால் காயில் கருகும், பக்கத்தில் துணியோ திரையோ இருந்தால் தீயும் பிடிக்கும். இப்போதைய சீலிங் ஃபேன்களில் பேரிங் மூடியே வருகிறது, அதற்கு எண்ணெய் விடத் தேவையில்லை. புஷ் போட்ட டேபிள் ஃபேனுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் பிசினாகி இறுகிவிடும்.

டேபிள் ஃபேன் என்றதும் அரசு கொடுத்த ஃபேன் நினைவுக்கு வரும். அண்ணா பிறந்தநாளான 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தை ஜெயலலிதா அரசு தொடங்கியது. அந்த ஃபேன்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. பத்து வயதைத் தாண்டிய வயர் அவற்றில் எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுழலும் இடத்தில் வயர் மடங்கி மடங்கி உறை வெடிக்கும்; வெளியே வந்த செம்பு உலோகப் பாகத்தில் பட்டால் முன்பக்க வலைக் கம்பியிலும் கரண்ட் பாயும். மூன்று பின் பிளக் இருக்கும் ஃபேனுக்கு, பழைய சுவிட்ச் போர்டில் நுழையவில்லை என்று மேல் பின்னை வெட்டிவிடுகிறோம். வெட்டுவது எர்த்தை. ஈரத் தரை, ஈரக் கை, பக்கத்தில் தவழும் குழந்தை என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

வீட்டுக்கு ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது வயரை, ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது ஆளை. 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் கசிந்தாலே அது கண் இமைக்கும் நேரத்தில் லைனைத் துண்டித்துவிடும். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். டிரிப் ஆகாவிட்டால் அது செத்துப்போன கருவி. போடுகிறவர் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்றிதழ் பெற்ற கம்பியாளா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால் பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைப்பது முதல் வேலை. அணைக்க வழியில்லை என்றால் காய்ந்த கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளி விலக்கிவிட்டு 108-க்குப் போன் செய்யுங்கள். மூச்சு இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஃபேன் கெடுவதற்கு எப்போதும் வீட்டுக்காரர்தான் காரணம் என்றில்லை. திடீரென்று விளக்குகள் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் எரிகின்றன, ஃபேன் பேய்வேகத்தில் சுற்றுகிறது என்றால் தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். அப்போது 230 வோல்ட்டுக்குப் பதில் 400 வரை வீட்டுக்குள் ஏறும். அந்த நொடியே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்கு, சொல்லுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் சாய்த்த மின்கம்பங்களைப் பார்த்தது நம் புதுக்கோட்டை மாவட்டம். புயலுக்குப் பிறகு கரண்ட் திரும்பும்போது ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்து வைத்துவிட்டு ஒரு விளக்கை மட்டும் போட்டுப் பார்ப்பது நல்லது. பொருள் கருகிப்போனால் போனில் திட்டிவிட்டு விடாதீர்கள். அன்றைய தேதி, நேரம், எந்தெந்த வீட்டில் என்ன கெட்டது, மெக்கானிக் எழுதிக் கொடுத்த காரணம், படங்கள் இவற்றோடு தெருக்காரர்கள் சேர்ந்து எழுத்தில் புகார் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். பிரிவு அலுவலகம் அசையவில்லை என்றால் புதுக்கோட்டை மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே சென்னையில் மின்சாரக் குறைதீர்ப்பாளர். மின்சாரம் வழங்குவதும் சேவைதான் என்று நுகர்வோர் சட்டமே சொல்வதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சீலிங் ஃபேனுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2023 ஆகஸ்டில் மத்திய அரசு ஆணை போட்டது. அது ஆறு மாதம் கழித்து நடைமுறைக்கு வந்தது, சிறு நிறுவனங்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 374 என்றும் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த உரிமம், இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். 2023 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியும் கட்டாயம். சாதாரண 75 வாட் ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட் ஆகும், 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் 22 யூனிட்டுக்குள் முடித்துவிடும். ஆனால் பி.எல்.டி.சி.யில் மின்னணு போர்டு இருக்கிறது. உப்பு ஈரமும் வோல்டேஜ் ஏற்றமும் அதற்கு ஆகாது. போர்டுக்குத் தனியாக எத்தனை ஆண்டு வாரண்டி, கெட்டால் வீட்டுக்கு ஆள் வருமா, அறந்தாங்கிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று பணம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். சின்ன ஊர் வாடிக்கையாளருக்கு வாரண்டி இருந்தும் பயன்படாமல் போவது இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான்.

பில் கேட்டால் “அதெல்லாம் எதுக்கு, நம்ம கடைதானே அத்தா” என்பார் கடைக்காரர். நம்ம கடைதான், ஆனாலும் பில் வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று அச்சடித்துவிட்டால் பழுதான பொருளிலிருந்து கடை தப்பிக்க முடியாது. பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதே சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறைதான். அச்சு மங்குவதற்குள் பில்லையும் வாரண்டி அட்டையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரிப்பேர் கடையில் ஃபேனைக் கொடுக்கும்போதும் ஒரு துண்டுச் சீட்டாவது வாங்குங்கள், மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கடையோ கம்பெனியோ இழுத்தடித்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஃபேன் சென்னையில் வாங்கியதாக இருந்தாலும், ஆன்லைனில் வாங்கியதாக இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, தமிழிலேயே எழுதலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. புதுக்கோட்டைக்கு அலைய முடியாதவர்கள் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் மனுவைப் பதிவு செய்யலாம், விசாரணையைக் காணொலியில் நடத்தும்படி கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டினால் தாமதத்துக்கு ஆணையம் ஏற்கும்படியான காரணத்தைக் காட்ட வேண்டியிருக்கும்.