முதியோரின் சமூக ஈடுபாடும் மூளை நலமும்

முதியோரின் சமூக ஈடுபாடு என்பது, வயது முதிர்ந்தவர்கள் உறவினர், நண்பர், அண்டை வீட்டார் ஆகியோருடன் பழகுவதையும், குழுக்களிலும் தொண்டுப் பணிகளிலும் பங்கேற்பதையும் குறிக்கும். முதுமையில் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் குறையும் வேகத்துடன் இது தொடர்புடையது என நீண்டகால ஆய்வுகள் காட்டுகின்றன. லான்செட் மருத்துவ இதழின் மறதிநோய் ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 இடர்க்காரணிகளுள் ஒன்றாகச் சமூகத் தனிமையைக் குறிப்பிடுகிறது. இந்த 14 காரணிகளையும் களைய முடிந்தால், உலகில் மறதிநோய் பாதிப்புகளில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அதன் மதிப்பீடு.

தனித்திருத்தலும் தனிமையுணர்வும்

இவை இரண்டும் ஒன்றல்ல. தனித்திருத்தல் என்பது பழகும் மனிதர்களும் சந்திப்புகளும் குறைவாக இருக்கும் நிலை. இதை எண்ணி அளக்கலாம். தனிமையுணர்வு என்பது தனக்கென யாருமில்லை என்ற மனக்குறை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் நிறைந்த வீட்டிலும் ஒருவருக்குத் தனிமையுணர்வு இருக்கலாம். தனியே வாழ்ந்தாலும் நல்ல நண்பர்கள் உள்ள ஒருவருக்கு அது இல்லாமலும் இருக்கலாம். ஆகவே ஆய்வாளர்கள் இரண்டையும் தனித்தனியே அளக்கின்றனர்.

சிகாகோ ஆய்வு

இத்துறையின் முக்கியச் சான்றுகள் சில, அமெரிக்காவின் சிகாகோ நகரில் ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையம் 1997இல் தொடங்கிய முதுமை, நினைவாற்றல் ஆய்வுத் திட்டத்திலிருந்து கிடைத்தன. இதில் சேரும் முதியோர் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு உட்படுகின்றனர். இறந்த பின் தம் மூளையை ஆய்வுக்குக் கொடையளிக்கவும் ஒப்புக்கொள்கின்றனர். எனவே, வாழ்ந்த காலத்தில் ஒருவரின் நினைவாற்றல் எப்படி இருந்தது, அவரது மூளையில் நோய் எவ்வளவு பரவியிருந்தது என்ற இரண்டையும் ஒப்பிட முடிகிறது.

ஆய்வில் சேர்ந்தபோது மறதிநோய் இருப்பதாக அறியப்படாத 89 பேரின் மூளைகளை, அவர்கள் இறந்த பின் ஆராய்ந்த முடிவுகள் 2006இல் வெளியாயின. அல்சைமர் நோய்க்குரிய புரதச் சிக்கல்கள் மிகுந்தால் அறிதிறன் குறைவது வழக்கம். ஆனால் நெருங்கிய உறவுகளும் நண்பர்களும் மிகுதியாக இருந்தவர்களிடம், அதே அளவு சிதைவு இருந்தும் அறிதிறன் பெரிதும் குறையவில்லை. 2007இல் வெளியான மற்றோர் ஆய்வில், தனிமையுணர்வு மிகுந்தவர்களுக்கு அல்சைமர் நோய் ஏற்படும் வாய்ப்பு, அது குறைந்தவர்களைவிட இருமடங்குக்கும் மேலாக இருந்தது. எனினும், இறந்தவர்களின் மூளையில் காணப்பட்ட அல்சைமர் சிதைவின் அளவு தனிமையுணர்வுடன் தொடர்புடையதாக இல்லை.

இவ்விரு முடிவுகளும் ஒரே திசையைக் காட்டுகின்றன. உறவுகள் மூளையில் படியும் நோயை அகற்றுவதில்லை. அந்த நோயைத் தாங்கும் வலிமையை மூளைக்கு அளிப்பதாகத் தோன்றுகிறது.

விளக்கங்கள்

இந்தத் தாங்கும் திறனை அறிதிறன் சேமிப்பு என்பர். ஓர் எளிய உரையாடலிலும் மூளை பல வேலைகளைச் செய்கிறது. முகத்தையும் குரலையும் அடையாளம் காண்கிறது, முன்பு பேசியதை நினைவுகூர்கிறது, சொற்களைத் தேடுகிறது, எதிரிலிருப்பவரின் மனநிலையை ஊகிக்கிறது. இப்பயிற்சி நரம்பு இணைப்புகளை வலுவாக வைத்திருந்தால், சில பாதைகள் பழுதடைந்தாலும் மாற்றுப் பாதைகள் உதவும் என்பது கருத்து. மன அழுத்தம் குறைதல், உடலியக்கம் கூடுதல், உடல்நலக் குறைவைப் பிறர் விரைவில் கவனித்தல் ஆகியவையும் பிற விளக்கங்களாகும்.

காரணமா, விளைவா?

மறதிநோயின் மாற்றங்கள், அறிகுறிகள் வெளிப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மூளையில் தொடங்கிவிடுகின்றன. எனவே பிறரிடமிருந்து ஒதுங்குவது நோயின் காரணமாக அல்லாமல், அதன் தொடக்க அடையாளமாகவும் இருக்கலாம்.

இந்த ஐயத்தைக் குறைக்க நீண்ட காலத் தரவுகள் தேவை. இலண்டன் அரசு ஊழியர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வின் முடிவுகள் 2019இல் வெளியாயின. 60 வயதில் நண்பர்களை அடிக்கடி சந்தித்தவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் குறைவாக ஏற்பட்டது. உறவினரைச் சந்திப்பதில் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், சமூகத் தொடர்பு குறைந்த 75 வயதுக்கு மேற்பட்டவர்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினருடன் பயிற்சி பெற்றவர்கள் வாரம் 4 முறை, 30 நிமிடம் காணொளி வழியே உரையாடினர். 6 மாத முடிவில் அக்குழுவின் அறிதிறன் மதிப்பெண் சற்றே உயர்ந்திருந்தது. பயன் சிறிதெனினும், உரையாடலே காரணமாக இருக்கலாம் என்பதற்கு இது வலுவான சான்று.

நடைமுறை

பணி ஓய்வு, துணையின் இறப்பு, பிள்ளைகள் வாழும் ஊருக்குக் குடிபெயர்தல் ஆகியவை பழைய நட்புகளைத் துண்டிக்கும் காலங்கள். அப்போது புதிய பழக்கங்களுக்கு வழிசெய்வது நல்லது. காது கேளாமையால் பேச்சைத் தவிர்ப்பவர்களுக்குச் செவித்துணைக் கருவியும், பார்வை மங்கியவர்களுக்குக் கண் சிகிச்சையும் உதவும். வேளாவேளைக்கு உணவும் மருந்தும் கொடுப்பதோடு, முதியவரிடம் கருத்துக் கேட்பதும், அவர் தம் வயதொத்த நண்பர்களைச் சந்திக்க அழைத்துச் செல்வதும் கவனிப்பின் பகுதியே. எப்போதும் கலகலப்பாகப் பழகியவர் திடீரென ஒதுங்கத் தொடங்கினால், வயதின் இயல்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.