அம்காரி (ஜார்ஜியக் கைவினைஞர் சங்கம்)

அம்காரி என்பது ஜார்ஜியாவின் நகரங்களில், குறிப்பாகத் திபிலீசியில் (பழைய பெயர் திஃப்லிஸ்) இயங்கிய கைவினைஞர், சிறுவணிகர் சங்கமாகும். 'உடன் தொழில் செய்பவர்' எனப் பொருள்படும் 'ஹம்கார்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. சங்க உறுப்பினர்களில் ஜார்ஜியரோடு ஆர்மீனியரும் பெருமளவில் இருந்தனர்.

அமைப்பு

கொல்லர், செருப்புத் தைப்போர், தையற்காரர், வெள்ளி வேலை செய்வோர் எனத் தொழில்தோறும் தனிச் சங்கம் இருந்தது. அதன் தலைவர் உஸ்தாபாஷி எனப்பட்டார். உறுப்பினர்களே அவரைத் தேர்ந்தெடுத்தனர். பொருளின் தரம், விலை, தொழில் தகராறு ஆகியவற்றைச் சங்கமே கவனித்தது. நலிந்த உறுப்பினருக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் பொதுநிதியிலிருந்து உதவியது. ஒவ்வொரு சங்கத்துக்கும் தனிக் கொடியும் காவல் புனிதரும் உண்டு.

தொழில் பழக வரும் சிறுவன் ஆசானின் வீட்டிலேயே தங்கி, வீட்டு வேலையும் செய்து, பல ஆண்டுகள் உழைத்தான். மூத்தோர் ஒப்புதல் அளித்து, சடங்கும் விருந்தும் நடந்த பிறகே அவன் ஆசானாக ஏற்கப்பட்டான்.

சமூக நிலை

பிரபுக்கள், திருச்சபையினர், செல்வ வணிகர் ஆகியோருக்குக் கீழேயே கைவினைஞர் வைக்கப்பட்டனர். தனி ஒருவராக அவருக்குச் செல்வாக்கு இல்லை. ஆனால் சங்க உறுப்பினர் என்ற முறையில் தம் தலைவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையும், நகர விழாக்களில் கொடியேந்திச் செல்லும் பெருமையும் அவருக்கு இருந்தன. சட்டம் தராத மதிப்பைச் சங்கம் தந்தது எனலாம். எனினும் பழகுநர்களுக்கு இம்மதிப்பில் பங்கில்லை.

1865 கிளர்ச்சி

கிழக்கு ஜார்ஜியா 1801 முதல் உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டது. 1865 சூன் மாதம், புதிய வரிகளை எதிர்த்துத் திபிலீசியின் அம்காரிகள் கடைகளை அடைத்துத் திரண்டனர். நகரத் தலைவரின் வீடு சூறையாடப்பட்டது; வரி அலுவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொழிலால் பிரிந்திருந்த சங்கங்கள் ஒன்றுகூடினால் நகரமே நின்றுவிடும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

வீழ்ச்சி

இரயில் பாதையும் தொழிற்சாலைப் பொருள்களும் வந்தபின் பட்டறைகள் நலிந்தன. ஆசானாக இருந்தவர் கூலியாளாக மாறினார். ஸ்டாலினின் தந்தை பெசாரியோன் ஜுகாஷ்விலி இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. கோரி நகரில் சொந்தமாகச் செருப்புப் பட்டறை நடத்திய அவர், தொழில் நொடித்துத் திபிலீசியின் அதெல்கானோவ் காலணித் தொழிற்சாலையில் கூலி வேலைக்குச் சென்றார். கையில் இருந்த தொழில் அதேதான். ஆனால் விலையையும் வேலை நேரத்தையும் முடிவு செய்யும் உரிமை அவரிடம் இல்லை.

பழைய திபிலீசியில் 'இரும்பு வரிசை', 'பருத்தி வரிசை' எனப் பொருள்படும் தெருப்பெயர்கள் இன்றும் வழங்குகின்றன.