உலக நாடுகளைப் பற்றிப் படிக்க எந்தப் பல்கலைக்கழகம்?

உயர்தரம் பாஸ் பண்ணிய பிள்ளை வீட்டுக்கு வந்து, "சர்வதேச உறவுகள் படிக்கப் போறேன்" என்று சொன்னால், நம்மில் பலர் கேட்பது, "அது என்ன படிப்பு? படிச்சா சோறு போடுமா?" என்றுதான். கேட்பதில் தப்பில்லை. பதிலைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாடு இன்னொரு நாட்டோடு எப்படிப் பேசுகிறது, ஒப்பந்தம் செய்கிறது, சண்டை பிடிக்கிறது, வியாபாரம் செய்கிறது என்பதைச் சொல்லும் படிப்பு இது. நமக்குச் சம்பந்தமில்லாதது என்று நினைக்காதீர்கள். 1964 ஒக்டோபரில் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று நம்மவர்களைப் பங்கு பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். லயத்துக்கு வந்து ஒருத்தரும் நம்மைக் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறிய சொந்தங்கள் இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. அப்படிப்பட்ட பேச்சுவார்த்தை மேசையின் சங்கதி தெரிந்த பிள்ளைகள் நமக்கும் வேண்டாமா?

சரி, எங்கே படிப்பது?

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் சர்வதேச உறவுகளுக்கென்றே தனித் துறை உண்டு. தூதரகங்களும் வெளிநாட்டு அமைச்சும் அதே நகரில் இருப்பது ஒரு வசதி. ஆனால் ஆங்கிலம் நன்றாக வேண்டும். தங்கும் செலவும் கூட.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் திருநெல்வேலியில், பழைய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில் இருக்கிறது. 1974இல் வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. இங்கே அரசறிவியல் துறைக்குள் சர்வதேச உறவுகளையும் படிக்கலாம். தமிழ்ச் சூழலில் படிப்பது நம் பிள்ளைகளுக்குத் தைரியம். "பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்புறதா?" என்று தயங்க வேண்டாம். கண்டியில் தொடங்கும் ஏ-9 வீதி யாழ்ப்பாணத்தில்தான் முடிகிறது.

பேராதனையிலும் அரசறிவியல் உண்டு. மலையகத்துக்கு அது கிட்ட.

முடிவெடுக்குமுன் மூன்று விஷயம் பாருங்கள்.

ஒன்று, மொழி. எந்த மொழியில் படிப்பிக்கிறார்கள் என்று முதலிலேயே விசாரியுங்கள். தமிழில் படித்தாலும் ஆங்கிலத்தை விடக் கூடாது.

இரண்டு, பணம். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலோ மாணவர் உதவிப்பணமோ கிடைக்கலாம். சாப்பாடு, அறை, பஸ் செலவு மட்டும் நம் கையில். காசு கட்டிப் படிக்கும் தனியார் இடமென்றால், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்த பிறகே நகையை அடகு வையுங்கள்.

மூன்று, வேலை. பட்டம் எடுத்தவுடன் தூதரகத்தில் கதிரை கிடைக்காது. வெளிநாட்டுச் சேவைக்குப் போட்டிப் பரீட்சை எழுத வேண்டும். நிர்வாக சேவை, ஆசிரியத் தொழில், பத்திரிகை, தொண்டு நிறுவனம் என்று வேறு வழிகளும் திறந்திருக்கும்.

விண்ணப்பத்தில் பல்கலைக்கழகங்களை விருப்ப வரிசைப்படி போட வேண்டும். இடம் கிடைப்பது இசட் புள்ளியையும் அந்த வரிசையையும் பொறுத்தது. ஆகவே கடைசி நாளில் கொமியூனிகேஷன் கடையில் நின்றுகொண்டு அவசரமாக நிரப்பாதீர்கள். ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி, பிள்ளையின் ஆசிரியரோடு ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள்.

அன்று நம்மைக் கேட்காமல் முடிவெடுத்தார்கள். இன்று பிள்ளையின் படிப்பை, பிள்ளையைக் கேட்டே முடிவெடுப்போம்.