கொல்லைக் குளமும் கழுவுநீர்க் கணக்கும்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு ஓரத்தில், தென்மேற்குப் பருவமழை மெலிந்த பின்னரே வந்து சேரும் மழைமறைவு நிலத்தில் எருத்தேன்பதி அமைந்துள்ளது. அது அடங்கிய சித்தூர் வட்டாரம் நிலத்தடி நீர் மிகையாக எடுக்கப்படும் பகுதியாக அரசுக் கணக்கெடுப்புகளில் இடம்பெற்றிருப்பதால், இங்கே கொல்லையில் மீனும் அல்லியும் வளர்க்கச் சிறு குளம் அமைப்போர், வடிகட்டி நீரை எவ்வளவு தெளிவாக்கும் என்பதோடு, தன்னைக் கழுவிக்கொள்ள எவ்வளவு நீரைக் கேட்கும் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

வடிகட்டியின் முதல் வேலை, மிதக்கும் அழுக்கைத் தடுத்து நிறுத்துவது. அதனினும் முக்கியமான இரண்டாவது வேலை, மீன் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவை, ஸ்பாஞ்சிலும் சரளையிலும் குடியேறும் நுண்ணுயிர்களைக் கொண்டு முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுவது. நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7 ஆக இருக்கையில் அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். அதுவே 8 ஆக உயர்ந்தால் ஏறத்தாழ 5 பங்காகிவிடும் என்பதால், போர்வெல்லின் கடின நீரை நம்பிய குளத்தில் இந்த நுண்ணுயிர்களே மீன்களின் காவல்.

கடைகளில் பரவலாக விற்கும் அழுத்த வடிகட்டியில், வால்வைத் திருப்பியதும் நீர் எதிர்த்திசையில் பாய்ந்து அழுக்கை வெளியே தள்ளும், இதுவே பேக்வாஷ். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், முக்கால் மீட்டர் ஆழம் உள்ள குளம் 4,500 லிட்டர் கொள்ளும். அந்நீர் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கடக்க மணிக்கு 2,250 லிட்டர் இறைக்கும் பம்ப் தேவை. அந்தப் பம்பில் வாரந்தோறும் 5 நிமிடம் பேக்வாஷ் செய்தால், ஆண்டுக்கு 9,750 லிட்டர், அதாவது குளத்தின் கொள்ளளவைப் போல் இருமடங்குக்கும் மேல், வெளியேறிவிடும். அது தென்னைக்குத்தானே பாய்கிறது என்போரும் உண்டு. ஆனால் தென்னைக்கு நீர் வேண்டிய நாளும் வடிகட்டிக்குக் கழுவல் வேண்டிய நாளும் ஒன்றாக அமைவதில்லை.

ஆகவே மீன் குறைவாக உள்ள குளத்துக்கு, ஒரு சதுர மீட்டர் பரப்பில் சரளை நிரப்பிக் கல்வாழையும் வெட்டிவேரும் நட்ட செடிப்படுகையே இம்மண்ணுக்கு ஏற்றது. நுண்ணுயிர்கள் விட்டுவைக்கும் நைட்ரேட்டை வேர்கள் உரமாக எடுத்துக்கொள்கின்றன. செடிகளும் நீரை ஆவியாக்குகின்றன என்பது உண்மைதான். எனினும் இவ்வளவு சிறிய படுகையின் இழப்பு, பேக்வாஷ் கணக்கில் நாளொன்றுக்கு விழும் 27 லிட்டரை எட்டுவது அரிது.

படுகைக்கு முன்னால் அழுக்கைத் தடுக்க வைக்கும் ஸ்பாஞ்சைக் குழாய் நீரில் அலசினால், அதிலுள்ள குளோரின் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். குளத்து நீரையே ஒரு வாளியில் மொண்டு, அதில் ஸ்பாஞ்சை இரண்டு முறை பிழிந்தெடுத்தால் போதும். பழுப்பேறிய அந்த ஒரு வாளி நீரைக் கல்வாழையின் தூரில் ஊற்றிவிட்டால், அவ்வாரத்துக் கழுவலுக்காகக் கொல்லையை விட்டு ஒரு சொட்டும் வெளியேறியிருக்காது.